மூன்றாவது புத்தகம் சரியாகத்தான் இருந்தது

மகன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்பிப்போன கிழமை, என் கணவர் எனக்கு ஒரு வேலை தந்தார். வீட்டுக் கணினியில் இருந்த பழைய விண்டோஸை அழித்துவிட்டு, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை மகன் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைப் படிக்க அவருக்கு ஒரு புத்தகம் வேண்டும்.

“நீர்தானே லைபிரரியிலை இருக்கிறனீர். நல்லதாப் பாத்து ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்,” என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு பெருமை. மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய நூலகத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். தையல் பழக ஆசைப்பட்டு வருகிறவளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் பாதியில் விடமாட்டாள், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பயத்தைக் கூட்டும், எது குறைக்கும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த விஷயம். ஆனால் வீட்டில் இவர் என்னிடம் ஒருநாளும் புத்தகம் கேட்டதில்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்கிற மனிதர்.

அதுவும் கணினிப் புத்தகம். ஓய்வு பெறும்வரை அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்தார். அங்கே முதன்முதலாகக் கணினி வந்து இறங்கியபோது மற்றவர்கள் அதைத் துணியால் மூடி வைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்களாம். இவர் கொழும்பிலிருந்து ஒரு புத்தகம் எடுப்பித்து, மேசையில் விரித்து வைத்து, பக்கம் பக்கமாகச் செய்து பார்த்துப் பழகினார். பிறகு அந்த அலுவலகமே இவரிடம்தான் பழகியது. வீட்டுக்கு வந்த பிறகும் போன் அடிக்கும். “அண்ணை, பிறின்ற் வருகுதில்லை” என்று யாராவது கேட்பார்கள். இவர் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்தத் திரையை மனதில் பார்த்தபடியே இதை அமத்து, பிறகு அதை அமத்து என்று சொல்லிக்கொடுப்பார். கண் திறக்கும்போது அங்கே வேலை முடிந்திருக்கும்.

பழைய கணினி வைரஸ் பிடித்து நகர மறுத்தபோது, “உதைத் துடைச்சுப்போட்டு லினக்ஸ் போடுவம் அப்பா. வைரஸ் தொல்லை இராது,” என்றான் மகன். இவரும் ஓம் என்றார். மகன் கைவேகத்தில் எல்லாவற்றையும் செய்து காட்டினான். இவர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். மகன் போன மறுநாள் காலை கணினியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நெடுநேரம் சும்மா இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோனேன்.

“என்ன, பிடிபடேல்லையோ?”

“அவன் கெதி கெதியாக் காட்டிப்போட்டுப் போட்டான். ஒரு புத்தகம் இருந்தால் நான் பிடிச்சிடுவன்.”

இதில் பயப்பட என்ன இருக்கிறது? எனக்கும் மகன் காட்டியது ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள புத்தகக் கடைகளுக்குப் போனேன். கணினிப் புத்தகங்கள் இருந்த தட்டு முழுவதும் விண்டோஸைப் பற்றியவை. லினக்ஸ் என்றதும் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அது ஆரும் கேக்கிறேல்லை, அக்கா,” என்றார். கடைசியில் ஒரு கடையில் பரீட்சை வழிகாட்டிகளுக்கு அடியிலிருந்து மெல்லிய தமிழ்ப் புத்தகம் ஒன்று வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் அச்சிட்டது. ‘தொடக்க நிலையினருக்கு’ என்று அட்டையில் இருந்தது. வழக்கமாகச் செய்வதுபோல உள்ளடக்கத்தைப் பார்த்தேன், எழுத்தின் அளவைப் பார்த்தேன், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தேன். தமிழ் நன்றாக இருந்தது. வாங்கினேன்.

இரண்டு மூன்று நாள் அதோடு இருந்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

“இதிலை முனையம், கோப்புறை, பணிமேடை எண்டெல்லாம் கிடக்கு. திரையிலை எல்லாம் இங்கிலீசு. எது எதெண்டு எப்பிடித் தெரியும்?”

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். திரையில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. பிழை என்னுடையது, திரையைப் பார்க்காமல் புத்தகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பில் இருக்கும் சிநேகிதி ஒருத்திக்குச் சொல்லி ஆங்கிலப் புத்தகம் ஒன்று எடுப்பித்தேன். தடித்த புத்தகம். பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஒன்றும் தெரியாதவனுக்கு ஒரு நண்பன் பக்கத்தில் இருந்து பகிடியாகச் சொல்லித் தருவதுபோல எழுதியிருந்தார்கள். இவருக்கு ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். இதில் பிழைக்க வழியில்லை என்று எண்ணினேன். அதையும் அவர் பிழை என்றார்.

“படத்திலை இடப்பக்கம் நீட்டுக்கு ஒரு வரிசை இருக்கு. இதிலை எங்கை இருக்கு? கீழை இருக்கு. வேறை ஆரின்ரையோ கொம்பியூட்டருக்கு எழுதின புத்தகம் இது.”

ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வந்தபோது கேட்டேன். சிரித்தான். “லினக்ஸ் எண்டு ஒண்டில்லை அம்மா, கனக்க வகை இருக்கு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. அப்பா சொல்லுறது சரிதான். எங்கடை வகையின்ரை பேரும் இலக்கமும் பாத்துத்தான் புத்தகம் எடுக்கவேணும்.”

அப்பா சொல்லுறது சரிதான். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது நினைக்கிறேன். அப்படியென்றால் நான் அதற்கு முன்பே எதற்கோ பயந்திருக்கிறேன்.

அந்த மாதங்களில் எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. மௌஸில் எந்தப் பக்கத்தை அமத்த வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். கால் நூற்றாண்டு அதைப் பிடித்த கை அது. புது முறையில் எல்லாம் மாறிவிட்டதாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எழுதிய கடிதம் ஒன்றைக் காணவில்லை என்று மூன்று முறை எழுதினார். புது முறையில் கடிதங்கள் வேறெங்கோ போய்ச் சேருகின்றனவாக்கும். கணினியை நிற்பாட்டாமல் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். நிற்பாட்டுகிற இடம் புது முறையில் எங்கே இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? வீட்டில் தெரியாத சாமான் ஒன்று இருந்தபடியால், தெரிந்த மனிதரிடம் நடந்துகொண்டிருந்தது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவது புத்தகத்தை நான் முறையாகத் தெரிவு செய்தேன். எங்கள் லினக்ஸ் வகையின் பெயரையும் இலக்கத்தையும் மகனிடம் கேட்டு எடுத்தேன். நூலகத்துக்கு வருடாந்தம் புத்தகம் வாங்குகிற வேளை அது. எங்களிடம் அந்தத் துறையில் ஒரு புத்தகமும் இல்லாததால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கினோம். பெரிய எழுத்து, எளிய ஆங்கிலம், வண்ணப் படங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்து எழுதிய புத்தகம்தான். அவர் கோபிப்பார் என்று தெரிந்தும் முத்திரை குத்தி, அவருடைய அங்கத்துவத்தில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவரிடம் கொடுக்குமுன் நான் ஒன்று செய்தேன். அவர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக் கணினியைப் போட்டேன். முதற்பக்கம் சொன்னபடி செய்தேன், படத்தில் இருந்தது திரையில் வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். கீழ் மூலையில் பச்சை வட்டம் என்று புத்தகம் சொன்னது. கீழ் மூலையில் பச்சை வட்டம் இருந்தது. நான் ஒரு கடிதம் எழுதி, அதற்குப் பெயர் வைத்து, மூடி, மறுபடி திறந்தேன். கணினி விஷயத்தில் கைநாட்டு நான். எனக்கே வந்துவிட்டது என்றால் இவருக்கு ஒரு மணித்தியால வேலை. சிரிப்பும் வந்தது.

அந்தக் கிழமை முடிவில் அவர் சொன்னார், “இதுவும் பிழை.”

நான் குசினியில் மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன்.

“என்ன பிழை?”

“இதிலை இருக்கிறமாதிரி அங்கை இல்லை. நீர் திருப்பித் திருப்பிப் பழசுகளைத்தான் எடுத்துக்கொண்டு வாறீர்.”

“எந்தப் பக்கம்? காட்டுங்கோ பாப்பம்.”

அவருக்குப் பின்னால் போய் நின்றேன். புத்தகம் முதற்பக்கத்தில்தான் விரிந்து கிடந்தது. அவர் விரலை வரியின் கீழ் வைத்துச் சத்தமாக வாசித்தார். கீழ் மூலையில் உள்ள பச்சை வட்டத்தை அமத்தவும். அழகாக வாசித்தார், உச்சரிப்பு ஒன்றும் கெடவில்லை. பிறகு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். பச்சை வட்டம் அங்கே இருந்தது. அவர் பார்வை அதன்மேல் போயிற்று, தாண்டிப் போயிற்று, மேலே போயிற்று. பிறகு குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். விரலை வரியின் கீழ் வைத்தார். கீழ் மூலையில் உள்ள பச்சை வட்டத்தை அமத்தவும். தலையைத் தூக்கினார்.

பக்கத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழந்தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் வசனம் அவரிடமிருந்து விழுந்துவிட்டது. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்த வரியை மறுபடி வாசித்தார், மறுபடி. ஒருமுறைகூட முன்பு வாசித்த வரி என்ற சலிப்பு அவருடைய குரலில் இல்லை.

“பாத்தீரோ?” என்றார். “இல்லைத்தானே?”

“ஓம்,” என்றேன். குசினிக்குத் திரும்பிப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே நின்றேன்.

மாரி தொடங்கியிருந்தது. பகலிலும் வீட்டுக்குள் லைட் போட வேண்டிய இருட்டு. முன்னறையில் ஒரு தாதி வாடகைக்கு இருந்தாள். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. எங்களோடு வீட்டுப் பிள்ளைபோலப் பழகினாள். கணினியில் இவர் தடுமாறும்போது ஒன்றிரண்டு தரம் வந்து உதவியும் இருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் நான் நூலகத்திலிருந்து வந்தபோது அவள் முன்னறைக் கதவடியில் அழுதுகொண்டு நின்றாள். இவர் விறாந்தையில் அவளைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இவதான் நான் நித்திரையாய் இருக்கேக்கை வந்து எல்லாத்தையும் இடம் மாத்தி வைக்கிறவ,” என்றார். “நான் ஒண்டைப் படிச்சு முடிக்க இவ மாத்திப்போடுவா. புத்தகத்திலை ஒரு பிழையுமில்லை. இவதான்.”

புத்தகத்தில் பிழையில்லை என்று அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவரை உள்ளே கூட்டிப்போய் இருத்திவிட்டு வந்து அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்ரி, எனக்குக் கோவமில்லை. நான் வார்ட்டிலை பாக்கிறனான். அங்கிளை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ.”

“என்னத்துக்கு? அவருக்கு உந்தக் கொம்பியூட்டராலை வந்த எரிச்சல், பிள்ளை.”

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். “காலமை என்னட்டை வந்து, மானிப்பாய்க்குப் போற பஸ் எங்கை நிக்கும் எண்டு கேட்டவர், அன்ரி. நாங்கள் மானிப்பாயிலைதானே இருக்கிறம்.”

மாத முடிவில் அவள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். கோபத்தில் போகவில்லை என்று போகும்போதும் சொன்னாள். இவர் படலைவரை போய் வழியனுப்பினார். ஏன் போகிறாள் என்று என்னிடம் கேட்டார்.

மகனுக்குச் சொன்னேன். அவன் குரல் மாறியது, ஆனால் அவனும் கடைசியாக ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டான். “பிழை என்னிலைதான் அம்மா. இந்த வயதிலை பழகினதை மாத்தியிருக்கக் கூடாது. பழையபடி விண்டோஸைப் போடுவியுங்கோ. அது அவருக்குக் கைபோன போக்கிலை வரும். பிறகு சரியாயிடுவார்.”

நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்பிக்கொண்டே பயந்தேன். டொக்டருக்கும் நாள் எடுத்தேன், கணினிக் கடைக்காரரையும் கூப்பிட்டேன். அவர் ஒரு சனிக்கிழமை வந்து, பழையதைப் பழைய மாதிரியே போட்டு, முன்பு திரையில் இருந்த, நோர்வேயில் இருக்கும் எங்கள் பேரனின் படத்தைக்கூட அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். தெரிந்த நீலம், தெரிந்த சின்னங்கள், தெரிந்த ஓசை. அறை வாசலில் நின்று இவரைக் கூப்பிட்டேன்.

“இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. பழசு வந்திட்டுது.”

அவர் வந்து கதிரையில் இருந்தார். வலது கையை மௌஸின்மேல் வைத்தார். அந்தக் கை வைத்த விதத்தில் எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது, அலுவலக நாட்களில் வைத்த அதே விதம். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேரனின் படத்தை உற்றுப் பார்த்தார். மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது.

“வடிவாய்த்தான் இருக்கு,” என்றார். “இது புதுசோ?”

“இல்லை. நீங்கள் இவ்வளவு காலமும் செய்த அதுதான்.”

தலையை மெதுவாக ஆட்டினார். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தவர்போல ஆட்டினார்.

“அப்ப இதுக்கும் ஒரு புத்தகம் பாத்து எடுத்துக்கொண்டு வாரும்.”

அன்று பின்னேரம் மகனிடம் போனில் இதைச் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டேன். “நிக்கிறன் அம்மா,” என்றான் கடைசியில்.

டொக்டரைப் பார்க்கும் நாள் வர முன்பே மற்றது நடந்துவிட்டது.

நான் நூலகத்தில் இருந்தேன். முற்பகல். பத்திரிகை வாசிக்க வருகிற இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்தேன். மறுபக்கத்தில் வாகனச் சத்தமும் சனங்களின் சத்தமும். ஓர் ஆண் குரல்.

“லைபிரரியோ? நான் கொடிகாமச் சந்தையிலை இருந்து கதைக்கிறன். இஞ்சை எங்கடை கடையடியிலை ஒரு ஐயா நிக்கிறார். எங்கை போகவேணும் எண்டு கேட்டால் சொல்லத் தெரியேல்லை. கையிலை ஒரு புத்தகம் வைச்சிருக்கிறார். அதிலை உங்கடை முத்திரையும் நம்பரும் இருக்கு. உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?”

காலையில் நான் வேலைக்கு வரும்போது விறாந்தையில் பத்திரிகையோடு இருந்தவர். கொடிகாமம் எங்கே, மானிப்பாய் எங்கே! யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி, ஏ ஒன்பது வீதி நெடுக அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

“என்ன புத்தகம்?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ தெரியாது.

“கொம்பியூட்டர்ப் புத்தகம். படம் போட்டது.”

“அவரை விட்டிடாதேங்கோ,” என்றேன். “என்ரை அவர்தான். வாறன்.”

நீர்வேலியில் இருக்கும் என் தம்பி, வாழைக்குலை ஏற்றுகிற வானோடு வந்து என்னை ஏற்றினான். வழியெல்லாம் அவன் எதையோ கேட்டான், நான் எதையோ சொன்னேன். கைதடிப் பாலத்தில் இருபக்கமும் நீர் சாம்பல் நிறத்தில் நின்றது. பஸ்ஸில் இருந்து இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது அவர் மனதில் என்ன இருந்திருக்கும், தான் எங்கே போவதாக நினைத்திருப்பார் என்ற யோசனை மட்டும் எனக்கு.

சந்தையில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தியிருந்தார்கள். கையில் சோடாப் போத்தல், குடிக்கவில்லை. மடியில் புத்தகம். சட்டையைக் கவனமாக உள்ளே விட்டு, பெல்ற் கட்டி, அலுவலகத்துக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார். செருப்பு மட்டும் சோடி மாறி இருந்தது. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவர் மரியாதையாக எழும்பினார். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

“தங்கச்சி, நீங்கள் லைபிரரியிலை இருந்தோ வாறியள்? இதைத் திருப்பிக் குடுக்கத்தான் நான் வெளிக்கிட்டனான். தவணை முடிஞ்சுபோச்சோ தெரியேல்லை.”

கலியாணமான நாளிலிருந்து அவர் என்னை ‘நீர்’ என்றுதான் கதைப்பார். கோபத்திலும் நீர், அன்பிலும் நீர். ஒருநாளும் ‘நீங்கள்’ என்றதில்லை. சந்தைக்கு நடுவே, அத்தனை பேருக்கு முன்னால், என் கணவர் என்னிடம் அந்நியப் பெண்ணிடம் காட்டுகிற மரியாதையைக் காட்டினார்.

தம்பிதான் முன்னுக்கு வந்தான். “அத்தான், வாங்கோ வீட்டை போவம்,” என்று கையைப் பிடித்தான். இவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். “தவணை முடியேல்லை,” என்றேன். “வாங்கோ.”

வானில் வரும்போது சாவகச்சேரி தாண்டியதும் இவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பி, “நீர் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையே?” என்று கேட்டார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தம்பி ஸ்டியறிங்கைப் பிடித்தபடி வீதியைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

டொக்டர் இளம் வயதுக்காரர். பொறுமையாகக் கதைத்தார். ஒரு கடதாசியில் பெரிதாக ஒரு வரி எழுதி இவரிடம் நீட்டினார். “இதை வாசிச்சு, அதிலை இருக்கிறமாதிரிச் செய்யுங்கோ ஐயா.”

“கண்ணை மூடுங்கள்,” என்று இவர் தெளிவாக வாசித்தார். வாசித்துவிட்டு, விரியத் திறந்த கண்களோடு டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்து என்ன என்பதுபோல.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். லினக்ஸ் போட்டதிலிருந்து என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு முன்பே இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். வீட்டில் தெரிந்த வேலைகளை மட்டும் செய்துகொண்டு இருக்கிறவரை இந்த மறதி நோய் ஒளித்திருக்குமாம். பழகாத ஒன்றைப் பழக வேண்டி வரும்போதுதான் முகத்தைக் காட்டுமாம். மருந்துக் குளிசை நோயைக் கூடாமல் வைத்துப் பார்க்கும், குறைக்காது. எவ்வளவு வேகமாகக் கூடும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

நூலகத்தில் நான் முன்கூட்டியே ஓய்வு எடுத்துவிட்டேன். மூன்றாவது புத்தகத்தை முறைப்படி திருப்பிக் கொடுத்தேன். அதன் முதற்பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. மற்றப் பக்கங்கள் புதிது போல இருந்தன. இப்போது எங்கள் வீட்டுக் கணினியை நான்தான் போடுகிறேன், நான்தான் நிற்பாட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் அதில் முகம் காட்டுவான். இவர் பக்கத்தில் இருந்து நன்றாகவே கதைப்பார். அங்கே குளிரோ, சாப்பிட்டியோ என்று கேட்பார். போன கிழமை கதைத்து முடிந்து திரை இருண்டதும் என்னிடம், “நல்ல மரியாதையான பொடியன். ஆரின்ரை பிள்ளை?” என்றார்.

அந்தத் தாதிப் பிள்ளை இடைக்கிடை வந்து பார்ப்பாள். வாருங்கள், இருங்கள் என்று உபசரிப்பார். ஒவ்வொரு முறையும் எந்த ஊர் என்று கேட்பார். அவள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள். போகும்போது என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, காஸ் சிலிண்டரை இரவில் பூட்டுகிறேனா, கிணற்றுக்கு மூடி போட்டாயிற்றா என்று விசாரிப்பாள். அவள் கேட்டபிறகுதான் அந்த இடங்களையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கினேன். இருபத்தைந்து வருடமாக நாங்கள் குடியிருக்கிற வீட்டில் இவ்வளவு ஆபத்தான மூலைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

மாரி போய்க் கோடை வந்துவிட்டது. மகன் மார்கழியில் வருகிறான். நேற்று முன்தினம் இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரம் பார்த்து என்னோடு தனியாகக் கதைத்தான். ரிக்கற் எடுத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு, “அம்மா, நான் வாறதுக்கிடையிலை அப்பா என்னை மறந்திடுவாரோ?” என்று கேட்டான்.

“வா தம்பி. வந்தால் தெரியும்தானே,” என்றேன்.

அவன் வேறேதோ கேட்கத் தொடங்கினான். அதற்குள் வெளியே படலைச் சங்கிலி அசைகிற சத்தம் கேட்டது. படுத்திருந்தவர் எப்போது எழும்பிப் போனார் என்று தெரியாது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு படலையடியில் நின்று, பூட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. அது எப்படித் திறபடும் என்று கண்டுபிடித்துவிடுகிற உறுதி மட்டும் அவர் முதுகில் தெரிந்தது.

மகனிடம் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் முற்றத்தில் இறங்கினேன்.